சாயத் தண்ணீருக்குக் கரி வாங்குகிறீர்களா? அயோடின் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

முழுதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறவர்கள், அலசின தண்ணீரில் நிற்கும் கலரை எடுக்க ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது துளைகள் திறக்கும்படி சுட்டெடுத்த கரி, வாங்குவதானால் மரத்தூளிலிருந்து செய்த பவுடரை வாங்குங்கள். தேங்காய்த் தொட்டிக்கரியில் செய்த குருணை அருமையான சரக்குதான், குடிநீர் ஃபில்டருக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சாயத்துக்கு அது சரிப்பட்டு வராது. கடையில் கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள், "அயோடின் 1000", "அயோடின் 1100" என்று, கரி எவ்வளவு அயோடினைப் பிடிக்கும் என்ற அளவு அது. அந்த எண் பெரிதாக இருப்பதால் உங்கள் தண்ணீர் தெளிந்துவிடாது. ஏன் என்பதையும், எந்தக் கரி எப்படி வேலை செய்தது என்பதையும், அப்புறம் யாரும் பேசாத கறுப்புச் சேறு விஷயத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் கோவையில் வீட்டு மாடியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் துப்பட்டா, டி-ஷர்ட் செய்கிறேன், சனி ஞாயிறுகளில் வகுப்பும் எடுக்கிறேன். குளிர்ந்த தண்ணீரிலேயே பிடிக்கும் எம் வகை ரியாக்டிவ் சாயம்தான் பயன்படுத்துவது, கடையில் கோல்டு பிராண்டு என்று கேட்டால் தருவார்கள். இந்தச் சாயத்தின் குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது துணியோடு மட்டும் சேராது, தண்ணீரோடும் சேர்ந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்த பங்கு இனி எந்தத் துணியிலும் பிடிக்காது. போட்ட சாயத்தில் பத்தில் ஒரு பங்கு, சில நிறங்களில் மூன்றில் ஒரு பங்குகூட, இப்படி அலசலில் போய்விடும். ஒரு வகுப்பு முடிந்தால் ஏழெட்டு வாளி நீலமும் சிவப்புமாக நிற்கும். அதைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆறு ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

வாங்கிப் பார்த்தது மூன்று வகை. ஒன்று, காங்கேயம் பக்கத்துத் தயாரிப்பான தொட்டிக்கரிக் குருணை, 8க்கு 30 மெஷ், அதாவது ரவைக்கும் கொஞ்சம் பெரிசாக இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும், அயோடின் எண் 1000 என்று பையிலேயே அச்சடித்திருந்தார்கள். இரண்டு, அதே தொட்டிக்கரியை அரைத்த பவுடர். மூன்று, மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டுச் செய்கிற பவுடர், மருந்துக் கம்பெனிகளும் குளுக்கோஸ் சிரப் காய்ச்சுகிறவர்களும் பழுப்பு நிறத்தை எடுக்க வாங்குவது இது. இதன் அயோடின் எண் மற்ற இரண்டையும்விடக் குறைவு. கடைக்காரரே எனக்கு அதை எடுத்துக் காட்டத் தயங்கினார். "அது உங்களுக்கு எதுக்குங்க அம்மிணி, இதுல அயோடின் 1000 வருதுங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அவர் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆர்.ஓ. மெஷினுக்கும் போர்த் தண்ணீர் ஃபில்டருக்கும் வாங்குகிறவர்கள்.

சோதனையை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். ஒரே வாளியின் அலசல் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டேன். முதலில் அசிட்டிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச்.சை (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 6க்கும் 7க்கும் நடுவில் கொண்டுவந்தேன், சாயம் பிடிக்கச் சேர்க்கும் காரமான சோடா ஆஷ் இருக்கிற தண்ணீர் என்பதால் நுரைத்துப் பொங்கும், பாட்டிலை நிரம்ப ஊற்றி வைக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வகைக் கரி 2 கிராம். ஒரு பாட்டிலில் கரியே போடாமல் விட வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் வடிகட்டும் தாளே கொஞ்சம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைக் கரியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவ்வப்போது குலுக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, வெள்ளைத் தாள் முன்னால் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, மூலத் தண்ணீரையே பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, நூறு மடங்கு நல்ல தண்ணீரில் கரைத்துத் தனிப் பாட்டில்களில் வைத்துக்கொண்டால் போதும், லேப் மெஷின் ஒன்றும் தேவையில்லை.

சிவப்புத் தண்ணீரில் மரத்தூள் பவுடர் போட்ட பாட்டில் நூறு மடங்கு கரைத்த பாட்டிலைவிட வெளுப்பாக இருந்தது, கண்ணுக்கு வெறும் தண்ணீர் மாதிரிதான். தொட்டிக்கரிப் பவுடர் பாட்டிலில் ரோஸ் நிறம் தெளிவாகத் தெரிந்தது, பத்து மடங்குக்கும் ஐம்பது மடங்குக்கும் நடுவில் எங்கேயோ. குருணை போட்ட பாட்டிலில் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை, இரவு முழுக்க விட்டதும் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். டர்க்காய்ஸ் நீலத்தில் வித்தியாசம் இன்னும் பெரிசு. மரத்தூள் பவுடரே அதைத் திணறித்தான் எடுத்தது, இரண்டாம் முறை கரி போட வேண்டியிருந்தது. தொட்டிக்கரி இரண்டு வகையும் டர்க்காய்ஸைச் சீண்டக்கூட இல்லை என்றே சொல்லலாம். டர்க்காய்ஸ் செம்பு தாலோசயனின் வகைச் சாயம், மூலக்கூறு அகலமாக விரிந்திருக்கும், பெரிய சாயப்பட்டறைகளிலும் அலசலில் அதிகம் படுத்துகிற நிறம் அது.

இப்போது அந்த அயோடின் எண்ணுக்கு வருவோம். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதுதான் அந்த எண். 1000 என்றால் ஒரு கிராம் கரி ஒரு கிராம் அயோடினைப் பிடித்திருக்கிறது என்று பொருள், கேட்கவே பிரமிப்பாக இருக்கும். ஒரு கிராம் நல்ல தொட்டிக்கரிக்குள் இருக்கும் துளைகளின் மேற்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பங்கு 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகளுக்குள் இருக்கிறது. அயோடின் மூலக்கூறு எடை 254, சின்னது, உள்ளே போய்விடும். குடிநீரில் இருக்கும் குளோரினும், மண்வாடை தரும் பொருள்களும் அப்படித்தான். ரியாக்டிவ் ரெட் 2 என்ற சிவப்பின் எடை 615. திருப்பூரில் டன் டன்னாகப் போகிற பிளாக் பி என்ற கறுப்பின் எடை 991. இவையெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். மரத்தூளை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் கரியில் 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள நடுத்தரத் துளைகள் நிறைய உண்டு, சாயம் நுழைய இடம் அதுதான்.

சரி, அப்படியானால் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கரி எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் மெத்திலீன் புளூ எண்ணைப் பார்த்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். சில கம்பெனிகள் அதையும் தருகின்றன, கேட்டு வாங்குங்கள், அயோடினைவிட அது எவ்வளவோ தேவலை. ஆனாலும் அதிலேயும் ஒரு சிக்கல் உண்டு. மெத்திலீன் புளூவின் எடை 320தான், தவிர தண்ணீரில் அது நேர்மின்னூட்டம் உள்ளது. நம் ரியாக்டிவ் சாயங்களோ சல்பானிக் தொகுதிகளால் எதிர்மின்னூட்டம் உள்ளவை. அதனால்தான் தண்ணீரை லேசாகப் புளிப்புப் பக்கம் கொண்டுபோனால் வேலை நன்றாக நடக்கிறது, அமிலத்தில் கரியின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் பெற்றுச் சாயத்தை இழுக்கும். சோடா ஆஷ் நிற்கும் பி.எச். 10, 11 தண்ணீரில் நேராகக் கரியைக் கொட்டினால் பாதிக் காசு வீண். சர்க்கரை ஆலைக்காரர்கள் பார்க்கும் மொலாசஸ் எண் என்று இன்னொன்று உண்டு, பெரிய மூலக்கூறுகளை எடுக்கும் திறனைக் காட்டுவது, அதைப் போட்டிருக்கும் பை கிடைத்தால் சாயத்துக்கு அதுவே நல்ல அடையாளம்.

வேப்பிலைக் கரி, ஆரஞ்சுத் தோல் கரி, வாழைப்பழத் தோல் கரி என்று 99 சதவீதம் சாயம் போனதாக வரும் ஆய்வுக் கட்டுரைகளை எனக்கு அனுப்புகிற மாணவிகள் இருக்கிறார்கள். ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் அவற்றில் மிகப் பலவற்றில் எடுத்துக்கொண்ட சாயம் மெத்திலீன் புளூ, கரைத்தது காய்ச்சி வடித்த தண்ணீரில். உப்பும் சோடாவும் சோப்பும் ஐந்து வகைச் சாயமும் சேர்ந்த நம் வாளித் தண்ணீரோடு அதை ஒப்பிடவே முடியாது. அடுப்புக்கரியை இடித்துப் போட்டால் போதுமா என்றும் கேட்கிறார்கள், போதாது. சாதாரணக் கரியை 800, 900 டிகிரிச் சூட்டில் நீராவி விட்டோ, அமிலம் சேர்த்துச் சுட்டோ துளைகளைத் திறந்தால்தான் அது ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டில் துத்தநாகக் குளோரைடு, காஸ்டிக் பொட்டாஷ் என்று வைத்துச் சுட்டுப் பார்க்கும் வேலையை யாரும் செய்யாதீர்கள், கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு சர்க்கரையைச் சூடாக்கி மணலின் மேல் கிராஃபீன் படியவைத்து, அதை வைத்துச் சாயத்தையும் பூச்சிக்கொல்லியையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டி 2012இல் கட்டுரை வெளியிட்டது, எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. அந்த மாதிரி ஒன்று கிலோக் கணக்கில் பையில் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

கரி கலரை எடுக்கும் என்பது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை, 1785இலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்ற மருந்தாளர் டார்டாரிக் அமிலக் கரைசலின் பழுப்பைக் கரி நீக்குவதைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை காலப் பழக்கம் இருந்தும் நம் ஊர்க் கடைகளில் ஒரு பையின் மேல் "சாயத்துக்கு" என்றோ "குடிநீருக்கு" என்றோ எழுதக் காணோம் என்பதுதான் என் முதல் குறை.

இரண்டாவது குறை ஈரம். முதலில் வாங்கிய இடத்தில் பட்டியலில் ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்று இருந்தது. பையைத் திறந்து கையில் அள்ளினால் பவுடர் பறக்கவே இல்லை, உருண்டை பிடிக்கலாம் போல இருந்தது. 100 கிராம் எடுத்து ஓவனில் 110 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து நிறுத்தால் 84 கிராம். கிலோவுக்கு 160 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். பில்லோடு போய்க் கேட்டதற்கு மழைக்காலம் என்றார்கள், மாற்றித் தரவில்லை. அங்கே மறுபடி போகவில்லை. இப்போது வாங்கும் இடம் கோவையிலேயே ஒரு பழைய கெமிக்கல் கடை, இரட்டைப் பாலித்தீன் உறை போட்ட 25 கிலோ மூட்டை, ஒவ்வொரு மூட்டையோடும் அந்த லாட்டுக்கான சோதனைத் தாள் தருகிறார்கள். சோதனை முறை ஐ.எஸ். 877 (ஆக்டிவேட்டட் கார்பனுக்கான இந்தியத் தரநிலை) என்று அதில் போட்டிருக்கும். தாளில் ஈரம், சாம்பல், பி.எச்., மெத்திலீன் புளூ எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் அதிகமுள்ள கரி தண்ணீரின் பி.எச்.சைத் தூக்கிவிடும், நீங்கள் அமிலம் விட்டுக் கொண்டுவந்தது திரும்ப ஏறிவிடும். மரத்தூள் கரி செய்முறையில் அமிலம் இருப்பதால் சில லாட் நல்ல புளிப்பாக வரும், அது நமக்குத் தோதுதான், அமிலம் குறைத்து விட்டால் போதும்.

அந்தக் கடையில் பிடித்த இன்னொரு விஷயம், அரைக் கிலோ சாம்பிள் கேட்டால் முகம் சுளிக்காமல் கட்டித் தருகிறார்கள். "முதல்ல உங்க தண்ணில போட்டுப் பாத்துட்டு அப்புறம் மூட்டை எடுங்க" என்று அவரே சொன்னார். இந்தத் தொழிலில் அதைவிட நேர்மையான பேச்சு கிடையாது, ஏனென்றால் எந்தக் கரியும் எல்லாச் சாயத்துக்கும் ஒத்துவராது. உதாரணமாக பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் சரியாகக் கரையாமல் துகளாக மிதப்பது, அதற்குக் கரியைவிடப் படிகாரம் போட்டுத் தெளியவைப்பதே மலிவு.

குருணையை வைத்துக் குழாய் ஃபில்டர் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். நான் கட்டி வைத்திருக்கிறேன், ஆனால் பவுடர் போட்டு வடித்த தண்ணீரைக் கடைசியாக ஒருமுறை விடுவதற்கு மட்டும். நாலு அங்குல பி.வி.சி. குழாய், மூன்றடி உயரம், அதில் மூன்றரைக் கிலோக் குருணை பிடிக்கும். தண்ணீர் கரியோடு இருபது நிமிடமாவது தங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி ஆகும். குழாயைத் திருகித் திறந்துவிட்டு வேகமாக ஓடவிடுகிறவர்களுக்கு அந்தக் கரி வெறும் கறுப்பு ஜல்லிதான். புதுக் குருணையைப் போட்டதும் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், முதலில் மசி போலக் கறுப்பாக வரும், தெளிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். ஆர்.ஓ. மெஷினுக்கு வரும் சின்னக் கார்பன் கேண்டிலை வாங்கிச் சாயத் தண்ணீரில் மாட்டாதீர்கள், ஒரு வாளிக்குக்கூடத் தாங்காது.

செலவு. நூறு மில்லிகிராம் சாயம் உள்ள ஒரு லிட்டருக்கு எனக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் மரத்தூள் பவுடர் போகிறது. ஆயிரம் லிட்டருக்கு இரண்டு கிலோ என்று வைத்தால் கரிக்கு மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகும், லாரித் தண்ணீரைவிட அதிகம். பணம் மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறேன் என்று யாராவது இறங்கினால் ஏமாந்துபோவார்கள். செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு, கரி முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். அடர்த்தியான தண்ணீரில் முந்தின வாளியின் பாதி உழைத்த கரியைப் போட்டு வடித்துவிட்டு, மெலிந்த தண்ணீரில் புதுக் கரியைப் போட்டால் அதே வேலைக்குக் கணிசமாகக் குறைவாகவே செலவாகிறது. முதல் சாயக் குளியலின் அடர்த்தியான மிச்சத்தை நான் கரியில் சேர்ப்பதே இல்லை, அதில் சோடா ஆஷ் அவ்வளவு இருக்கும், அமிலத்துக்கே காசு போய்விடும், தனி டிரம்மில் வைத்து வெயிலில் வற்றவைக்கிறேன்.

பவுடரை வடிகட்டுவதுதான் உண்மையில் முதுகு ஒடிக்கிற வேலை. தானாகப் படியட்டும் என்று விட்டால் ஒரு நாள் கழித்தும் மேலே சாம்பல் நிறமாக மிதந்துகொண்டிருக்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் படிகாரம் கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலக்கிவிட்டால் கரி திட்டுத் திட்டாகச் சேர்ந்து இறங்குவதைப் பார்க்கலாம், அப்புறம் தடித்த காடாத் துணி இரண்டு மடிப்பில் வடித்தால் போதும். பி.எச். சரியில்லாவிட்டால் படிகாரம் வேலை செய்யாது, அதற்கும் சேர்த்துத்தான் முதலில் அமிலம். பவுடரை அளக்கும்போது மாஸ்க் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் மூட்டையை வைக்காதீர்கள். பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஈரமான கார்பன் மூடிய டேங்கில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், காற்றைச் சோதிக்காமல் ஆளை உள்ளே இறக்கினால் உயிர் போகும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். தண்ணீர் தெளிந்ததும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் என் பாட்டிலைப் பெருமையாகக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கலர் போச்சு, சரி அம்மிணி. டி.டி.எஸ். பாத்தியா?" என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு அது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது. மீட்டரை விட்டால் 4000க்கு மேல் காட்டியது. தமிழ்நாட்டில் நிலத்திலோ ஆற்றிலோ விடுவதற்கு அனுமதி 2100தான். சாயம் பிடிக்க லிட்டருக்கு ஐம்பது கிராம் வரை உப்பு போடுகிறோம், அதில் ஒரு துளியைக்கூடக் கரி எடுக்காது. அதன் வேலை அது இல்லை. உப்பை எடுக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும்.

ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். 1992இல் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டியது, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அங்கே வயல்களைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால்தான். அதனால் கலர் போன தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று யாராவது எழுதினால் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். மண் ஒன்றிரண்டு வருடத்தில் உவர் பிடித்துவிடும். நான் அந்தத் தண்ணீரை அடுத்த வகுப்பின் முதல் அலசலுக்கும், வாளி, தரை கழுவவும் மட்டும் திரும்ப எடுக்கிறேன். அடுத்தடுத்த அலசலுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், உப்பு இருந்தால் ஒட்டாத சாயம் துணியை விட்டுச் சுலபத்தில் இறங்காது. சில சுற்றுக்குப் பிறகு உப்பு ஏறிவிடும், அப்போது மாடியில் அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி வற்றவிடுகிறேன்.

இதே காரணத்துக்காகச் சொல்கிறேன், சாயப்பட்டறை என்ற அளவில் தொழில் செய்கிறவர்கள் ஒரு மூட்டைக் கரியை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் யூனிட்டில் சுத்திகரிப்பு உண்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பட்டன், ஜிப்புக்குச் சாயம் போடும் சின்ன இடங்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்கு அனுமதியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைப்பும்தான் வழி. கரி அதற்கு மாற்று அல்ல.

அப்புறம் அந்தக் கறுப்புச் சேறு. தண்ணீரில் இருந்த சாயம் எங்கேயும் மறைந்துபோகவில்லை, கரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டர்க்காய்ஸ் போட்டிருந்தால் செம்பும் அதில்தான். எம் வகைச் சாயத்தில் குளோரின் உண்டு, எனவே காய்ந்த சேற்றை அடுப்பிலோ குப்பையோடோ கொளுத்தக் கூடாது, தோட்டத்தில் புதைக்கக் கூடாது. சட்டப்படி தொழில்களில் வரும் இந்த மாதிரிக் கழிவு அபாயகரக் கழிவு விதிகள், 2016இன் கீழ் வரும், உரிமம் உள்ளவர்கள் மூலம் கும்மிடிப்பூண்டியில் உள்ள நிலநிரப்பு மையம் போன்ற இடத்துக்கோ சிமென்ட் ஆலைச் சூளைக்கோ போக வேண்டும். குருணையாக இருந்தால் திரும்பவும் 800 டிகிரிக்கு மேல் சுட்டுப் புதுப்பிக்கும் கம்பெனிகள் உண்டு, ஆனால் டன் கணக்கில் இருந்தால்தான் வருவார்கள். பவுடரைப் புதுப்பிப்பது நடைமுறையில் கிடையாது. என்னைப் போல மாதத்துக்கு ஒரு சின்ன வாளி சேர்கிறவர்களிடமிருந்து அதை எடுத்துப் போக இன்று யாரும் இல்லை. காயவைத்து, மூடி போட்ட டிரம்மில், மேலே தேதியும் சாயங்களின் பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். கரி விற்கிற கடைகள் பழைய கரியைச் சேர்த்து வாங்கி மொத்தமாக அனுப்ப ஒரு ஏற்பாடு செய்தால் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்க நான் தயார், வகுப்புக்கு வருகிற பெண்களில் பலரும் தயார். கடைக்காரரிடம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். நீங்களும் வாங்கும்போது கேளுங்கள், பத்துப் பேர் கேட்டால்தான் நடக்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மரத்தூள் பவுடர், ரியாக்டிவ் சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு 5க்கு 4, டர்க்காய்ஸுக்கு இரண்டரை. தொட்டிக்கரிப் பவுடர் 2. தொட்டிக்கரிக் குருணை, சாயத்துக்கு மட்டும் வைத்துப் பார்த்தால் 1, கடைசி ஃபில்டராக 4. கடைச் சேவைக்கு, சாம்பிளும் லாட் தாளும் தருவதால் 5க்கு 4, பழைய கரியைத் திரும்ப எடுக்காததால் ஒன்று குறைத்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் ஒரு லிட்டர் உங்கள் அலசல் தண்ணீரை மூடி இறுகிய பாட்டிலில் கையோடு கொண்டு போங்கள், மதியத்துக்கு முன்னால் போனால் அங்கேயே அரை ஸ்பூன் போட்டுக் குலுக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கூட்டம் இல்லாத நேரம் அது. முடியாது என்று சொல்கிற கடையில் மூட்டை எடுக்க வேண்டாம்.